லண்டன் – பாரிஸ் பேருந்துப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ, கோயில் திருவிழாவுக்கோ, வெறுமனே ஊர் பார்க்கவோ பேருந்தில் போய்வர நினைப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. இந்தப் பயணத்தில் சாலை சிக்கல் தருவது அரிது. சிக்கல் பெரும்பாலும் எல்லைச் சோதனையில்தான் எழுகிறது. ஆகவே ஆவணங்களைப் பற்றிய விடைகள் மற்றவற்றைவிட நீளமாக இருக்கின்றன.

பயணத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இரு நகரங்களுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 450 கிலோமீட்டர் தூரம். நிறுவனங்கள் தங்கள் அட்டவணையில் எட்டு முதல் ஒன்பதரை மணி நேரம் வரை குறிப்பிடுகின்றன. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், அட்டவணையைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும்: லண்டனில் இரவு 10 மணிக்குப் புறப்பட்டுப் பாரிஸில் காலை 7 மணிக்கு இறங்கினால் பயண நேரம் ஒன்பது மணி அன்று, எட்டு மணிதான். திரும்பி வரும்போது இந்தக் கணக்கு தலைகீழாகும்.

பேருந்தின் வேகம் நூறு கிலோமீட்டரைத் தாண்டாதபடி கருவி கட்டுப்படுத்துகிறது என்பதால், சாலை எவ்வளவு காலியாக இருந்தாலும் ஓட்டுநரால் பெரிதாக நேரத்தை மீட்க முடியாது. லண்டனை விட்டு வெளியேறும் நேரம், எல்லையில் நிற்கும் நேரம், பாரிஸின் சுற்றுவட்டச் சாலையில் ஊரும் நேரம் ஆகிய மூன்றுமே பயணம் எட்டு மணி நேரமா பத்து மணி நேரமா என்பதைத் தீர்மானிக்கின்றன. இறங்கியவுடன் விமானம் பிடிக்க வேண்டும், தாலி கட்டும் நேரத்துக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும் என்பது போன்ற கட்டாயம் இருந்தால், குறைந்தது நான்கைந்து மணி நேர இடைவெளியாவது வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் நாளே போய்விடுங்கள்.

நடுவில் கடல் இருக்கிறதே, பேருந்து அதை எப்படிக் கடக்கிறது?

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 1994-ல் திறக்கப்பட்ட கால்வாய்ச் சுரங்கம். இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனுக்கும் பிரான்சின் கலே நகரையொட்டிய கோக்கெலுக்கும் இடையே ஓடும் இந்தச் சுரங்கத்தின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அதில் 38 கிலோமீட்டர் கடலடியில் அமைந்திருக்கிறது. சுரங்கத்துக்குள் சாலை கிடையாது. பேருந்து அப்படியே ஒரு சரக்குரயில் பெட்டி போன்ற மூடிய பெட்டிக்குள் ஏறி நிற்கும். அந்த ரயில் அதைச் சுமந்துகொண்டு 35 நிமிடங்களில் மறுகரை சேர்க்கும். நீங்கள் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கலாம். காலை நீட்ட வேண்டுமென்றால் இறங்கிப் பெட்டிக்குள் நிற்கலாம். சன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு விளக்குப் போட்ட உலோகச் சுவரைத் தவிர எதுவும் இல்லை.

மற்றொன்று, டோவர் துறைமுகத்திலிருந்து கலே துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல். கடலில் இருக்கும் நேரம் சுமார் ஒன்றரை மணி. இதில் பேருந்துக்குள் உட்கார்ந்திருக்க அனுமதி இல்லை. வாகனத் தளம் பயணம் முடியும்வரை பூட்டப்படும் என்பதால், எல்லாரும் இறங்கி மேல்தளத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே உணவகம், கடை, கழிப்பறை எல்லாம் உண்டு. குளிருடை, மருந்து, கடவுச்சீட்டு, பணம் ஆகியவற்றை மறக்காமல் மேலே எடுத்துச் செல்லுங்கள். பேருந்து நிற்கும் தளத்தின் எண்ணையும் படிக்கட்டின் நிறத்தையோ எழுத்தையோ கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஒரே நிறத்தில் ஒரே நிறுவனத்தின் பேருந்துகள் இரண்டு மூன்று ஒரே கப்பலில் நிற்பது உண்டு. கரையை நெருங்கும்போது அறிவிப்பு வந்தவுடன் பேருந்து நிற்கும் தளத்துக்கு இறங்கிவிட வேண்டும்.

எந்த வழி என்பதை நிறுவனம்தான் முடிவு செய்கிறது. பயணி தேர்ந்தெடுக்க முடியாது. கடல் அலைச்சலில் தலைசுற்றல் வரும் என்பவர்கள், கப்பலே கிடைத்தாலும் பரவாயில்லை என்ற ஏற்பாட்டோடு மாத்திரை வைத்திருக்க வேண்டும். பகல் நேரத்தில் கப்பல் கிடைத்தால் அதை நான் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்: டோவரின் வெண்சுண்ணப் பாறைகள் பின்வாங்குவதை மேல்தளத்தில் நின்று பார்ப்பது, மூடிய இரும்புப் பெட்டிக்குள் அரை மணி நேரம் அடைந்துகிடப்பதைவிட எவ்வளவோ மேல்.

எந்த நிறுவனங்கள் பேருந்து விடுகின்றன?

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த வழியில் சென்றவர்களுக்கு நினைவில் நிற்கும் பெயர் யூரோலைன்ஸ். பாரிஸின் கிழக்கு ஓரத்தில், மூன்றாம் மெட்ரோ பாதையின் கடைசி நிறுத்தமான கலியெனியில் அதன் நிலையம் இருந்தது. பிரான்சில் இயங்கிய அந்த நிறுவனம் 2020-ல் மூடப்பட்டது. 2013-ல் ஜெர்மனியும் 2015-ல் பிரான்சும் உள்நாட்டு நெடுந்தூரப் பேருந்துச் சேவையைத் தனியாருக்குத் திறந்துவிட்டதன் பிறகு வளர்ந்த நிறுவனங்களே இப்போது முன்னணியில் இருக்கின்றன: ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிளிக்ஸ்பஸ், பிரான்சைச் சேர்ந்த பிளாபிளாகார் பஸ். பிந்தையது முன்பு பிரெஞ்சு ரயில்வேயின் கைவசம் உய்பஸ் என்ற பெயரில் இருந்தது. இந்த நிறுவனங்கள் பயணச்சீட்டு விற்பனையையும் அட்டவணையையும் தம் கையில் வைத்துக்கொண்டு, வண்டியையும் ஓட்டுநரையும் பெரும்பாலும் வட்டாரப் பேருந்து உரிமையாளர்களிடமிருந்து பெறுகின்றன. அதனால்தான் ஒரே நிறுவனத்தில் ஒரு முறை புத்தம்புதிய வண்டியும் மறுமுறை சற்றுப் பழைய வண்டியும் கிடைக்கின்றன.

ரயில் இருக்கும்போது பேருந்தில் ஏன் போக வேண்டும்?

யூரோஸ்டார் ரயில் இரண்டேகால் மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. அதுவும் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள வடக்கு நிலையத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்ய முடிந்தால், ரயில் கட்டணத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பேருந்தின் மதிப்பு தெரிவது கடைசி நேரத்தில்தான். நாளை மறுநாள் போயாக வேண்டும் என்ற நிலையில் ரயில் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பேருந்தின் கட்டணமும் ஏறும் என்றாலும், பல நாள்களில் ரயில் கட்டணத்தில் ஒரு பங்காகவே நிற்கும். வெள்ளிக்கிழமை மாலை, ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆகிய நாள்களில் இருக்கைகளுக்குத் தட்டுப்பாடு வரும். செவ்வாய், புதன் கிழமைகளில் விலை தணியும்.

விமானத்தோடு ஒப்பிடும்போது, புறநகர் விமான நிலையத்துக்குப் போகும் செலவையும் பெட்டிக்கான தனிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்தால் மலிவு விமானம் மலிவாக இருப்பதில்லை.

லண்டனிலிருந்து பாரிஸுக்குச் செல்ல என்ன ஆவணங்கள் வேண்டும்?

இது உங்களிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் எத்தனை ஆண்டுகளாக லண்டனில் வாழ்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அன்று. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பேருந்து நிலையம்வரை வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் பிரெக்சிட்டுக்குப் பிறகு இரண்டு நிபந்தனைகள் பொருந்துகின்றன: பிரான்சில் நுழையும் நாளில் அந்தக் கடவுச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். முன்பெல்லாம் பழைய கடவுச்சீட்டில் மிஞ்சிய மாதங்களைப் புதியதில் சேர்த்துத் தருவார்கள் என்பதால், காலாவதித் தேதி இன்னும் வராத கடவுச்சீட்டுகூடப் பத்து ஆண்டு விதியில் மாட்டிக்கொள்ளலாம். காலாவதித் தேதியோடு வழங்கிய தேதியையும் சேர்த்துப் பாருங்கள். ஷெங்கன் நாடுகளில் (பிரான்ஸ் உட்பட, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்களுக்கு மேல் தங்க முடியாது.

இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டோடு பிரித்தானியாவில் வாழ்பவர்கள், நிரந்தர வதிவிட உரிமை பெற்றிருந்தாலும், ஷெங்கன் விசா பெற்றாக வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்கு முன்னால் நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதே கடினம் என்பதால், பேருந்துச் சீட்டைக் கடைசியில் வாங்கினாலும் விசாவைக் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இவர்கள் திரும்பி வரும்போது பிரித்தானிய வதிவிட உரிமையையும் மெய்ப்பிக்க வேண்டும். முன்பிருந்த பிளாஸ்டிக் வதிவிட அட்டைகள் 2024 இறுதியோடு காலாவதியாகி, அவற்றின் இடத்தில் மின் விசா வந்துவிட்டது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் புதிய எண்ணைத் தங்கள் மின் விசாக் கணக்கில் சேர்த்துவிட்டார்களா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கலேயில் நள்ளிரவில், இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் கைப்பேசியை வைத்துக்கொண்டு அதைச் செய்வது இயலாத காரியம்.

பாரிஸிலிருந்து லண்டனுக்கு வருபவர்களுக்கு?

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள் தேசிய அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு வர முடியாது. 2021 அக்டோபர் 1 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கடவுச்சீட்டு கட்டாயம். அதோடு 2025 ஏப்ரல் 2 முதல் மின்னணுப் பயண அனுமதியையும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். அந்த அனுமதியைப் பிரித்தானிய அரசின் தளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ நேரடியாகப் பெறுங்கள். இடைத்தரகுத் தளங்கள் அதே வேலைக்குப் பல மடங்கு வாங்குகின்றன. ஒரு முறை பெற்றால் இரண்டு ஆண்டுகளுக்கோ, கடவுச்சீட்டு காலாவதியாகும்வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். பிரான்சிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு அடையாள அட்டை மட்டும் எடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் இடறுகின்றன. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டும் தனி அனுமதியும் வேண்டும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பிரெஞ்சு வதிவிட அட்டை எத்தனை ஆண்டுகளுக்கு இருந்தாலும், பிரித்தானிய விசா தேவை. பிரான்சில் அகதி உரிமை பெற்று, அந்நாடு வழங்கிய பயண ஆவணத்தில் செல்பவர்களுக்கும் அப்படியே. நம்மவர்களில் பலர் இந்தப் பிரிவில் வருகிறார்கள். "எல்லாம் ஐரோப்பாதானே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சென்னையிலிருந்து சுற்றுலா வருகிறோம். இரு நகரங்களையும் பார்க்க ஒரு விசா போதுமா?

போதாது. இரண்டு விசாக்களும் தனித்தனியே வேண்டும். அதைவிட முக்கியமானது, ஷெங்கன் விசா எத்தனை முறை நுழைவதற்கு வழங்கப்பட்டிருக்கிறது என்பது. பாரிஸில் இறங்கி, பேருந்தில் லண்டன் போய், மறுபடி பாரிஸ் வந்து அங்கிருந்து ஊருக்கு விமானம் ஏறுவதாகத் திட்டம் இருந்தால், ஒரே நுழைவுக்கான விசா லண்டன் கிளம்பும் கணத்திலேயே முடிந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் பலமுறை நுழைவு விசா கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது லண்டனிலிருந்தே ஊர் திரும்பும்படி விமானச் சீட்டை அமைத்துக்கொள்ள வேண்டும். பிரித்தானியச் சுற்றுலா விசா வழக்கமாகப் பலமுறை நுழைய இடம்தருவதால் அந்தப் பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை.

எல்லையில் என்ன நடக்கும்?

இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி, கடலைக் கடப்பதற்கு முன்பே இரு தரப்புச் சோதனைகளும் முடிந்துவிடுகின்றன. லண்டனிலிருந்து செல்லும்போது பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் இங்கிலாந்து மண்ணிலேயே, டோவரிலோ ஃபோக்ஸ்டனிலோ, உங்கள் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். பாரிஸிலிருந்து வரும்போது கலேயிலோ கோக்கெலிலோ முதலில் பிரெஞ்சு வெளியேற்றச் சோதனை, அடுத்துப் பிரித்தானிய நுழைவுச் சோதனை. மறுகரையில் இறங்கியதும் பேருந்து நேராக நெடுஞ்சாலையில் ஏறிவிடும்.

பேருந்து நின்றவுடன் எல்லாரும் கைப்பையோடும் கடவுச்சீட்டோடும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். சில நேரங்களில், குறிப்பாகப் பிரித்தானியாவுக்கு வரும்போது, பேருந்தின் அடிப்பகுதியிலுள்ள வயிற்றறையில் வைத்த பெட்டிகளையும் இறக்கி ஊடுகதிர்ச் சோதனைக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், என்ன வேலை, திரும்பும் சீட்டு எங்கே என்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர்களுடைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். ஷெங்கன் விசாவில் முதல் முறை செல்பவர்கள் விசாவுக்குக் கொடுத்த தங்குமிடச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் நகல்களையும் கையில் வைத்திருக்க வேண்டும்; பெட்டிக்குள் வைத்துவிட்டால் அவை பயன்படா.

யாராவது ஒருவரை மேலும் விசாரிக்க நிறுத்திவைத்தால், ஓட்டுநர் சற்று நேரம் காத்திருப்பார். சுரங்க ரயிலுக்கோ கப்பலுக்கோ நேரம் நெருங்கினால் அவருடைய பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார். ஆவணக் குறையால் இறக்கப்பட்டவருக்குக் கட்டணம் திரும்பக் கிடைப்பதில்லை. குழுவாகச் செல்லும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் இப்படி நேர்ந்தால் யார் கூட இறங்குவது, யார் பிள்ளைகளோடு தொடர்வது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்வது அளவுக்கு மிஞ்சிய எச்சரிக்கை அன்று.

கைரேகை எடுக்கும் புதிய முறை என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்தைச் சேராத நாட்டவர்கள் குறுகிய காலத்துக்கு வரும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, முகப்படமும் கைரேகையும் கணினியில் பதிவாகின்றன. பிரித்தானியக் குடிமக்களும் இதில் அடக்கம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முகப்படம் மட்டும். ஷெங்கன் விசா பெற்றவர்களின் கைரேகை விசா விண்ணப்பத்தின்போதே பதிவாகிவிட்டதால் அவர்களுக்கும் முகப்படம் போதும். பிரெஞ்சு வதிவிட அட்டை உள்ளவர்கள் இதற்கு உட்பட்டவர்கள் அல்லர். இதற்குக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. ஒரு முறை பதிவான விவரம் மூன்று ஆண்டுகள் இருக்கும் என்பதால் அடுத்த பயணங்களில் சரிபார்ப்பு மட்டுமே நடக்கும்.

பேருந்துப் பயணிகளுக்கு இது சற்று நீண்ட நிறுத்தமாகவே முடிகிறது, ஏனெனில் ஐம்பது பேரில் கடைசி ஆள் முடித்துவிட்டு வரும்வரை வண்டி நகராது.

பகல் பேருந்து நல்லதா, இரவுப் பேருந்தா?

ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சம் என்ற கணக்கில் பலரும் இரவுப் பேருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் விட்டுப்போவது தூக்கம். லண்டனில் கிளம்பி இரண்டு மணி நேரத்தில், கண் அயரும் வேளையில், எல்லைச் சோதனைக்கு எழுப்பிவிடுவார்கள்; கப்பலானால் மறுபடியும் இறங்கி ஏற வேண்டும்; மிச்சம் கிடைப்பது கலேக்கும் பாரிஸுக்கும் இடையிலான மூன்றரை மணி நேர அரைத்தூக்கம். இருபது வயதில் இது ஒரு பொருட்டல்ல. மூட்டுவலியோ சர்க்கரை நோயோ உள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் தயவுசெய்து பகல் பேருந்தையே பாருங்கள். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

இரவுப் பேருந்து விடியும் முன்பே பாரிஸை அடைந்துவிடுவதும் உண்டு. மெட்ரோ காலை ஐந்தரை மணி அளவில்தான் தொடங்குகிறது.

பேருந்துக்குள் என்ன வசதிகள் உண்டு?

சாயும் இருக்கை, சிறிய கழிப்பறை, இணைய இணைப்பு, மின்னேற்றும் துளை ஆகியவை இருக்கும் என்று நிறுவனங்கள் அறிவிக்கின்றன. இருக்கின்றன, ஆனால் எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்யும் என்று எண்ணிக்கொண்டு ஏற வேண்டாம். கைப்பேசியை முழுதாக மின்னேற்றி, பயணச்சீட்டைப் படமாகவும் சேமித்துக்கொள்ளுங்கள். இருக்கைவார் அணிவது சட்டப்படி கட்டாயம்.

ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு எடுத்தாக வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. கப்பலிலோ சாலையோர ஓய்விடத்திலோ அந்த நேரம் கழியும். ஓய்விடத்தில் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். தலையெண்ணிப் பார்க்காமல் கிளம்புகிற ஓட்டுநர்களும் உண்டு.

எவ்வளவு பெட்டி கொண்டுபோகலாம்? சாப்பாடு எடுத்துச் செல்லலாமா?

பொதுவாக வயிற்றறையில் ஒரு பெரிய பெட்டி, சுமார் 20 கிலோ வரை, கையில் ஒரு சிறு பை. கூடுதல் பெட்டிக்குத் தனிக் கட்டணம். இதை முன்பே இணையத்தில் கட்டிவிடுவது நல்லது, ஏனெனில் வயிற்றறை நிறைந்துவிட்டால் ஓட்டுநர் மறுத்துவிடலாம். பெட்டிக்கு வெளியே பெயரும் தொலைபேசி எண்ணும் ஒட்டுங்கள். நகை, மடிக்கணினி, மருந்து ஆகியவை கைப்பையில் மட்டுமே.

வழியில் உண்பதற்குப் புளிச்சோறு, இட்லி, சப்பாத்தி எடுத்துச் செல்வதில் தடை இல்லை. ஆனால் பிரித்தானியாவிலிருந்து ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. அக்காள் வீட்டில் கட்டிக்கொடுத்த ஆட்டுக்கறிப் பொரியலும் நெய்ப் போத்தலும் அதில் அடங்கும். எதிர்த்திசையிலும், கோமாரி நோய் காரணமாக 2025 ஏப்ரல் 12 முதல், ஆடு, மாடு, பன்றி இறைச்சியையும் பால்பொருள்களையும் ஒன்றியத்திலிருந்து பிரித்தானியாவுக்குத் தனிப்பயன்பாட்டுக்குக்கூடக் கொண்டுவர முடியாதபடி தடை வந்தது. மீனுக்கு ஒன்றியம் 20 கிலோ வரை இடம்தருகிறது. எனவே கருவாடு தப்பித்துக்கொள்ளும், பக்கத்து இருக்கைக்காரர் பொறுத்துக்கொண்டால். காய், கீரை, பழம், கறிவேப்பிலை போன்ற பச்சைத் தாவரப் பொருள்களை ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு.

பத்தாயிரம் யூரோவோ பவுண்டோ அதற்கு மேலோ ரொக்கம் வைத்திருந்தால் அறிவிக்க வேண்டும்.

பேருந்து தாமதமானாலோ ரத்தானாலோ என்ன உரிமை உண்டு?

ஏறுமிடமோ இறங்குமிடமோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்து, வழித்தடம் 250 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், 2013 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியப் பேருந்துப் பயணிகள் உரிமை விதிகள் பொருந்தும். நிலையத்திலிருந்து புறப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, பேருந்து ரத்தானாலோ, பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு வண்டியில் கூடுதல் கட்டணமின்றிச் செல்வதா என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நிறுவனம் அந்தத் தேர்வையே தராமல் கைவிட்டால், கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதில் பாதித் தொகையை இழப்பீடாகவும் தர வேண்டும். புறப்பாடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டியோ உணவோ. இரவு தங்க நேர்ந்தால், ஓர் இரவுக்கு 80 யூரோ வரை இரண்டு இரவுகளுக்கு விடுதிச் செலவு. புயல் போன்ற வானிலைக் காரணமானால் விடுதிச் செலவு மட்டும் கிடைக்காது.

இந்த விதிகளில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டு, எல்லையில் மூன்று மணி நேரம் நின்று, தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இழப்பீடு எதுவும் இல்லை. விமானப் பயணத்தில் பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

புகாரை நிறுவனத்துக்கு எழுத்தில் மூன்று மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும். நிலையத்தின் அறிவிப்புப் பலகையை நேரம் தெரியும்படி படமெடுத்து வைத்திருந்தால் வாதம் வலுப்பெறும்.

பிள்ளைகள் தனியாகப் போகலாமா?

எந்த வயதிலிருந்து தனியாக ஏற்றிக்கொள்வார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதற்கும் மேலாக, பிரான்சில் வாழும் 18 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் இன்றி நாட்டைவிட்டு வெளியேற, பெற்றோர் கையெழுத்திட்ட வெளியேறும் ஒப்புதல் படிவமும் கையெழுத்திட்டவரின் அடையாள ஆவண நகலும் 2017 ஜனவரி முதல் கட்டாயம். சித்தப்பாவோடும் பாட்டியோடும் போனாலும் இது வேண்டும்.

எங்கே ஏறி எங்கே இறங்குவது?

லண்டனில் விக்டோரியா பேருந்து நிலையம். 1932-ல் கட்டிய இந்த நிலையம் விக்டோரியா ரயில் நிலையத்திலிருந்து பக்கிங்ஹாம் அரண்மனைச் சாலை வழியே பெட்டியோடு பத்து நிமிட நடை. ரயில் நிலைய வாசலில் நிற்கும் நகரப் பேருந்துகளின் நிறுத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் பாதையில் நேராக வந்துவிடலாம். டூட்டிங்கிலிருந்து நார்தர்ன் பாதையில் ஸ்டாக்வெல் வந்து விக்டோரியா பாதைக்கு மாற வேண்டும். ஆவணச் சோதனை ஏறும்போதே நடப்பதால் புறப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள்.

பாரிஸில் பெரும்பாலான பேருந்துகள் பெர்சி பூங்காவை ஒட்டிய பெர்சி சேன் நிலையத்துக்கு வருகின்றன. வெளிச்சம் குறைந்த, வசதிகள் குறைந்த நிலையம். முதல் முறை செல்பவர்களுக்கு வாசலே கண்ணில் படாது. பெர்சி மெட்ரோவிலிருந்து பெரிய விளையாட்டரங்கை அடையாளமாக வைத்துப் பூங்காப் பக்கம் நடக்க வேண்டும். சில பேருந்துகள் வேறு இடங்களிலும் நிறுத்துகின்றன என்பதால், சீட்டில் அச்சிட்ட முகவரியை அன்றைய தினமே மறுபடி பாருங்கள்.

அங்கிருந்து லா சப்பலுக்குப் போக எளிய வழி, ஆறாம் பாதையில் நாசியோன்வரை சென்று, அங்கே இரண்டாம் பாதைக்கு மாறி, லா சப்பல் நிறுத்தத்திலேயே இறங்குவது. இரண்டாம் பாதை கடைசிப் பகுதியில் தெருவுக்கு மேலே பாலத்தில் ஓடுவதால் கடைப்பலகைகளின் தமிழ் எழுத்துகளை இறங்கியவுடனே தேடத் தொடங்கலாம். வடக்கு ரயில் நிலையத்துக்கே போக வேண்டுமானால் பதினான்காம் பாதையில் ஷாட்லே சென்று நான்காம் பாதைக்கு மாறலாம்.

போகவும் வரவும் சேர்த்தே சீட்டு வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு ஒருவழிச் சீட்டுகளாக வாங்குவதற்கும் அதற்கும் விலையில் பெரும்பாலும் வேறுபாடு இருப்பதில்லை. ஒரு திசைக்கு ஒரு நிறுவனத்தையும் மறுதிசைக்கு இன்னொன்றையும் எடுத்தால் சில நாள்களில் மலிவாகவும் அமையும். விசாவில் செல்பவர்கள் மட்டும் திரும்பும் சீட்டை முன்கூட்டியே வாங்கி, அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். தேதியை மாற்ற நேர்ந்தால் அதற்கான கட்டணம் புறப்படும் நாள் நெருங்க நெருங்கக் கூடும் என்பதால், மாற்ற முடிவெடுத்தவுடன் மாற்றிவிடுங்கள்.